அடுத்த செவிலியருக்கு ஒரு கடிதம்

வண்டியூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தெப்பக்குளம் நினைவுக்கு வரும். எங்கள் தெருவிலோ இந்த இரண்டு ஆண்டுகளாக அதிகம் அடிபடும் பெயர் ஓ.இ.டி. மருத்துவத் துறையில் பணிபுரிவோருக்கென்று ஆஸ்திரேலியாவில் உருவாகி, இன்று பிரிட்டன், அயர்லாந்து, நியூசிலாந்து முதலிய நாடுகளிலும் ஏற்கப்படுகிற ஆங்கிலத் தேர்வு அது. அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால், அக்கம்பக்கத்துப் பெண்கள் மூவர் அஸர் தொழுகை முடிந்து மஃரிபு பாங்கு சொல்லும் வரை என் வீட்டுக் கூடத்தில் வந்து அமர்கிறார்கள். மூத்தவள் இரண்டு பிள்ளைகளின் தாய். தனியார் மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர். நடுவுள்ளவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு ஆண்டு அனுபவம் உள்ளவள். இளையவள் செவிலியர் அல்லள். முதுகலைப் படிப்புக்காக ஐ.இ.எல்.டி.எஸ். எழுத இருப்பவள். கேட்டலையும் பேசுதலையும் அவர்கள் கைப்பேசியை வைத்துக்கொண்டு தாமே பழகிவிடுகிறார்கள். என்னிடம் வருவது வாசிப்புக்கும் எழுத்துக்கும்.

நம் குடும்பங்களில் வெளிநாடு என்றால் நெடுங்காலமாக வளைகுடாதான். அங்கே செல்லும் செவிலியர்கள் பெரும்பாலும் ப்ரோமெட்ரிக் தேர்வு எழுதுவார்கள். கொடுத்த விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒரு வாக்கியமும் சொந்தமாக எழுத வேண்டியதில்லை. பிரிட்டனின் கதை வேறு. அங்குள்ள செவிலியர் மன்றம் ஓ.இ.டி.யில் வாசிப்பு, கேட்டல், பேசுதல் மூன்றுக்கும் 350 மதிப்பெண் கேட்கிறது. எழுத்துக்கு மட்டும் சற்றுத் தளர்த்தி 300 போதும் என்கிறது. ஐ.இ.எல்.டி.எஸ். எழுதுவதாக இருந்தால் மற்ற மூன்றுக்கும் 7, எழுத்துக்கு 6.5. உலகெங்கும் இருந்து வரும் செவிலியர்கள் எழுத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள் என்பதை அந்தத் தளர்த்தலே காட்டிக்கொடுக்கிறது. கட்டணமும் சிறிதன்று. எங்கள் பெண்கள் விசாரித்தபோது 587 ஆஸ்திரேலிய டாலர். நம் பணத்தில் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல். இரவுப் பணி பார்க்கும் ஒரு செவிலியரின் மாதச் சம்பளத்தை அது விழுங்கிவிடும்.

முதலில் வாசிப்பு. ஓ.இ.டி.யின் வாசிப்புத் தேர்வில் முதற்பகுதி 15 நிமிடம். ஒரே மருத்துவப் பொருளைப் பற்றிய நான்கு சிறு உரைகள்: ஒன்று அட்டவணையாக இருக்கும், ஒன்று மருந்தின் அளவைச் சொல்லும், ஒன்று செய்முறையை விளக்கும். அவற்றிலிருந்து 20 கேள்விகள். ஒரு கேள்விக்கு 45 விநாடிதான் கிடைக்கிறது. நான்கு உரைகளையும் முழுமையாகப் படித்துவிட்டுக் கேள்விக்குப் போகிறவர்கள் பாதியில் நின்றுவிடுவார்கள். மருந்தளவு எந்த உரையில் இருக்கிறது என்று கண் ஓட வேண்டும். கண்டதும் சொல்லைப் பிழையின்றி எடுத்து எழுத வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் மதிப்பெண் இல்லை.

இந்த ஓட்டம் நம் பிள்ளைகளுக்கு எளிதில் வருவதில்லை. அதற்குக் காரணம் சோம்பலன்று. மரியாதை என்றே சொல்வேன். ஐந்து வயதில் மக்தபில் அமர்ந்து, ஓர் எழுத்தையும் தாண்டாமல், நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி ஓதப் பழகியவர்கள் இவர்கள். அச்சிட்ட பக்கத்தில் பாதியை விட்டுவிட்டுப் போவது அவர்களுக்கு ஏதோ அவமதிப்பாகப் படுகிறது. "முழுசாப் படிக்காம எப்படி மாமி பதில் எழுதறது?" என்று மூத்தவள் முதல் வாரம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தாள். மருந்துச் சீட்டை நீ எப்படிப் படிக்கிறாய் என்று திருப்பிக் கேட்டேன். அவசரத்தில் மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை என்ற மூன்றைத்தானே அவள் கண் தேடுகிறது? குர்ஆனை ஓதும் கண் ஒன்று, மருந்துச் சீட்டைப் பார்க்கும் கண் ஒன்று. இரண்டும் அவளிடம் ஏற்கெனவே இருந்தன. தேர்வு மண்டபத்தில் எதைத் திறப்பது என்பதுதான் பயிற்சி.

ஆனால் அந்தப் பழைய கண் வீணாகிவிடுவதில்லை. கடைசிப் பகுதியில் ஏறத்தாழ 800 சொற்களில் இரண்டு நீண்ட கட்டுரைகள் வரும். அங்கே கேட்கப்படுவது தகவல் அன்று. கட்டுரையாளர் எதை ஐயுறுகிறார், எதை ஒப்புக்கொண்டே மறுக்கிறார், மூன்றாம் பத்தியில் வரும் 'அது' எதைக் குறிக்கிறது என்பன போன்றவை. நிதானமாக ஓதிப் பழகியவர்கள் இங்கே வேகமாகப் படித்துப் பழகியவர்களை முந்துகிறார்கள். முதற்பகுதியில் திணறிய மூத்தவள் இந்தப் பகுதியின் 16 கேள்விகளில் 13க்குச் சரியாக விடை எழுதினாள்.

ஐ.இ.எல்.டி.எஸ். வாசிப்பில் ஒரு மணி நேரத்தில் 40 கேள்விகள். அதில் ஒரு வகை இளையவளை மிகவும் பாடுபடுத்தியது. கொடுத்த கூற்று சரியா, தவறா, அல்லது உரையில் சொல்லப்படவே இல்லையா என்று கூற வேண்டும். அவளுக்காக நானே ஒரு பத்தி எழுதினேன்: திருமலை நாயக்கர் 1645இல் தெப்பக்குளத்தை அமைத்தார், வைகையிலிருந்து நிலத்தடி வாய்க்கால்கள் வழியாக அதற்கு நீர் வந்தது. கீழே ஒரு கூற்று: குளம் ஆண்டு முழுவதும் நிறைந்திருந்தது. அவள் தயங்காமல் 'தவறு' என்று எழுதினாள். அவள் சிறுமியாக இருந்தபோது குளம் வறண்டு கிடந்தது. அவளுடைய அண்ணன்மார் அதற்குள்ளே கிரிக்கெட் ஆடினார்கள். அவள் சொன்னது மதுரையில் எல்லோரும் அறிந்த உண்மை. ஆனால் பத்தி அதைப் பற்றி வாய் திறக்கவில்லையே. விடை 'சொல்லப்படவில்லை' என்பதுதான்.

இந்த ஒரு வகைக் கேள்வியை நான் விரும்பிக் கற்பிக்கிறேன். தொலைதூரத்திலிருந்து கேள்விகளைச் சுமந்துகொண்டு வந்த ஒருவரிடம் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள், அவற்றுள் பலவற்றுக்குத் தமக்குத் தெரியாது என்றே விடை கூறி அனுப்பியதாகச் சொல்வார்கள். முன்னால் இருக்கும் சான்று எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவோடு நிற்பது ஹதீஸ் கலையை வளர்த்த ஒரு சமுதாயத்துக்குப் புதிய பாடமா? வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை ஒரு வாரம் இந்த மூன்று விடைகளைக் கொண்டு வகைப்படுத்தி வரும்படி அவளிடம் சொன்னேன். பெரும்பாலானவை மூன்றாவதில் போய் விழுந்தன என்று சிரித்துக்கொண்டே வந்தாள்.

இனி எழுத்து. உண்மையான போராட்டம் இங்கேதான்.

ஓ.இ.டி.யில் எழுத்துக்கு 45 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் நோயாளியின் குறிப்புகளைப் படிக்க மட்டும், பேனாவைத் தொடக்கூடாது. பிறகு 40 நிமிடத்தில், 180 முதல் 200 சொற்களுக்குள், ஒரு கடிதம். நோயாளியை வேறொருவரிடம் அனுப்பும் கடிதமாகவோ, வீட்டுக்கு அனுப்பும்போது அங்கே பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு எழுதும் கடிதமாகவோ பெரும்பாலும் அது இருக்கும். ஆறு அளவுகோல்களால் மதிப்பிடுகிறார்கள்: நோக்கம், உள்ளடக்கம், சுருக்கமும் தெளிவும், நடை, அமைப்பு, மொழி. இலக்கணம் அந்த ஆறில் ஒன்றுக்குள் அடங்கிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். நம் பெண்கள் அஞ்சுவது அந்த ஒன்றுக்கு. மதிப்பெண் இழப்பது மற்ற ஐந்தில்.

நோக்கம் முதல் வரிகளிலேயே தெரிந்துவிட வேண்டும் என்பது விதி. நமக்கு இது எவ்வளவு அந்நியமானது என்பதை என் நன்னாவின் கடிதங்களைப் பார்த்தால் விளங்கும். பினாங்கில் கடை வைத்திருந்தவர் அவர். மேலே 786, பிறகு ஸலாம், பிறகு வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரையும் சொல்லித் தனித்தனி ஸலாம், பிறகு துஆ, ஊரில் மழை உண்டா என்ற விசாரணை. இரண்டாம் பக்கத்தின் கடைசியில், இடம் போதாமல் ஓரத்தில் செங்குத்தாக, பணம் அனுப்பிய செய்தி இருக்கும். நன்னிக்கு அரபுத் தமிழ் எழுத்து மட்டுமே தெரியும் என்பதால் அவர் அந்த எழுத்திலேயே எழுதுவார். நன்னி ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்து, கடைசி வரியை அடையும்போது மணியார்டரே வீட்டு வாசலுக்கு வந்திருக்கும். தமிழ் வாக்கியமும் அப்படித்தான், வினைமுற்று இறுதியில் வரும் வரை என்ன நடந்ததென்று தெரியாது. அந்தக் கடிதங்களை நான் இன்றும் பெட்டியில் வைத்திருக்கிறேன். அவற்றைப் போல அழகான கடிதங்களை நான் படித்ததில்லை. ஆனால் அவை ஓ.இ.டி.யில் தேறா.

எங்கள் பயிற்சிக்காக ஒரு நோயாளியை உருவாக்கிக்கொண்டோம். அறுபத்தெட்டு வயது மூதாட்டி. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. நீரிழிவு உண்டு. பெனிசிலின் ஒவ்வாது. இருபது ஆண்டுகளுக்கு முன் குடல்வால் அகற்றப்பட்டது. கணவர் இல்லை; மாடி வீட்டில் தனியே வாழ்கிறார்; மின்தூக்கி கிடையாது; மகள் வேறு ஊரில். தோட்ட வேலையில் விருப்பம். இரத்தம் உறையாமல் இருக்க நாள்தோறும் ஊசி போட வேண்டும். தையல் பிரிக்க நாள் குறித்தாயிற்று. வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியருக்குக் கடிதம் எழுத வேண்டும்.

நடுவுள்ளவளின் முதல் கடிதம் 310 சொற்கள். குடல்வால் இருந்தது, தோட்டம் இருந்தது, மருத்துவமனையில் ஒவ்வொரு நாளும் எடுத்த இரத்த அழுத்தமும் வரிசையாக இருந்தது. மூதாட்டி தனியே வாழ்கிறார் என்பது மட்டும் இல்லை. முடிவில் அலுவலகக் கடிதங்களில் நாம் போடும் 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' வேறு. எது 'நீட்ஃபுல்' என்பதைத்தானே அந்தக் கடிதம் சொல்லியிருக்க வேண்டும்! பயிற்சி நிலையம் ஒன்றில் கொடுத்த மாதிரிக் கடிதத்தை அவள் மனப்பாடம் செய்திருந்தாள். அதன் வாக்கியங்களுக்குள் நோயாளியின் பெயரைச் செருகியிருந்தாள். இலக்கணப் பிழை மிகக் குறைவு. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்ளத்தான் முடியாது.

நான் தாளை ஓரமாக வைத்துவிட்டு, இரவுப் பணிக்கு வரும் செவிலியரிடம் காலையிலிருந்து இருந்தவள் எப்படி ஒப்படைப்பாள் என்று கேட்டேன். சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். "நாலாம் பெட், இடுப்பு ஆபரேஷன், மூணாவது நாள். பெனிசிலின் அலர்ஜி, மறந்துறாதீங்க. மத்தியானம் சுகர் இறங்கிருச்சு, எட்டு மணிக்குத் திரும்பப் பாருங்க. கூட ஆள் யாரும் இல்ல, தனியா எந்திரிக்க விட்டுறாதீங்க." இருபது விநாடி. குடல்வால் இல்லை, தோட்டம் இல்லை. நோக்கம், உள்ளடக்கம், சுருக்கம், அமைப்பு நான்கும் அதில் அப்படியே இருந்தன, மதுரைத் தமிழில். இதைத்தான் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்றேன். அன்றிலிருந்து அவர்கள் எந்தக் கடிதத்தையும் எழுதும் முன் முதலில் தமிழில் வாய்விட்டு ஒப்படைக்கிறார்கள், பிறகுதான் பேனா. சுருக்க எழுத்துகளை விரித்து எழுதவும் வேண்டியிருந்தது. தேவைப்பட்டால் மட்டும் என்பதற்கு நம் மருத்துவமனைகளில் எஸ்.ஓ.எஸ். என்று குறிப்பதை அங்கே ஒருவர் வேறு பொருளில் எடுத்துக்கொள்ளலாம்.

ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களின் வரலாற்றை நாம் குர்ஆனைத் தொகுத்த பணிக்காகவே அதிகம் நினைக்கிறோம். அதற்கு முன்பே நபி (ஸல்) அவர்கள் அந்த இளைஞரிடம் யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். தம் கடிதங்களை வேறு யாரோ எழுதித் தருவதையும் படித்துச் சொல்வதையும் சார்ந்திருக்க அவர்கள் விரும்பவில்லை. ஏறத்தாழப் பதினைந்து நாள்களில் அவர் கற்றுத் தேர்ந்தார் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. பத்ருப் போர்க் கைதிகளில் பணம் கொடுக்க இயலாத எழுத்தறிந்தவர்கள், மதீனாவின் சிறுவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றதும் நாம் அறிந்ததே. பிற மொழியின் வாசிப்பும் எழுத்தும் அந்த முதல் தலைமுறைக்கு அலங்காரமாக வரவில்லை. நம்பி ஒப்படைக்கப்பட்ட செய்தி கூடாமலும் குறையாமலும் உரியவரிடம் போய்ச் சேர வேண்டும் என்ற தேவையிலிருந்து வந்தது. நடுவுள்ளவள் கட்டிலருகே நின்று செய்யும் ஒப்படைப்பும் அந்த அமானிதத்தின் வகைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இளையவளின் எழுத்துத் தேர்வு வேறு மாதிரி. ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ 150 சொற்களில் விவரிப்பது ஒன்று. 250 சொற்களில் தன் கருத்தை நிறுவுவது மற்றொன்று. இரண்டாவதற்கு இரட்டிப்பு மதிப்பு. முதியோரைப் பேணுவது அரசின் கடமையா, குடும்பத்தின் கடமையா என்று ஒருநாள் தலைப்புக் கொடுத்தேன். நீண்ட நேரம் வெற்றுத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "என்ன சொன்னா மாமி மார்க் வரும்?" என்று கேட்டாள். எந்தப் பக்கம் சொன்னாலும் வரும், காரணம் சொன்னால் போதும் என்றேன். அவளால் நம்ப முடியவில்லை. பத்தொன்பது ஆண்டுப் படிப்பில் அவளிடம் அவளுடைய கருத்தை யாரும் கேட்டதில்லை. பள்ளியிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. ஹுதைபியாவில் தோழர்கள் மனம் உடைந்து நின்றபோது நபி (ஸல்) அவர்கள் உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் நிலைமையைச் சொல்ல, அந்த அம்மையார் தந்த யோசனையின்படியே செயல்பட்டார்கள் என்பதை ஆண்டுதோறும் பயானில் கேட்கிறோம். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, பெண்ணுக்கு எந்தக் கல்லூரி என்பதை அவளைத் தவிர எல்லோரும் கூடித் தீர்மானிக்கிறோம். அவளுக்கு இப்போது நான் கொடுக்கும் பயிற்சி ஆங்கிலம் அன்று. இரவு உணவின்போது வீட்டில் ஏதேனும் ஒன்றைப் பற்றித் தன் கருத்தையும் அதற்கு இரண்டு காரணங்களையும் சொல்லிவிட்டு வர வேண்டும். முதல் வாரம் அவளுடைய அத்தா சற்றுத் திகைத்ததாகக் கேள்வி.

மூத்தவளின் செய்தியைச் சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன். அவளே எழுதச் சொன்னாள். சென்ற மாதம் அவளுடைய கைப்பேசிக்கு ஒரு முகவர் பேசினார். தேர்வு எழுத வேண்டாம், நாலு லட்சம் கொடுத்தால் சான்றிதழ் கைக்கு வரும் என்றார். வீட்டில் கடன் இருக்கிறது. நகையை விற்றால் பாதி தேறும். "எனக்கு நர்சிங் தெரியும் மாமி. பதினோரு வருஷமாப் பாக்குறேன். இங்கிலீஷ் பேப்பர் மட்டும்தானே? இது அவ்வளவு பெரிய பாவமா?" அவள் வாதாட வரவில்லை, களைத்துப்போய்க் கேட்டாள். இரவெல்லாம் விழித்து வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, நண்பகலில் மூன்று மணி நேரம் உறங்கி எழுந்து வந்தவளிடம் உடனே ஹலால், ஹராம் பேச எனக்கு வாய் வரவில்லை.

நடைமுறையை முதலில் சொன்னேன். ஓ.இ.டி. முடிவுகளைப் பதிவு மன்றங்கள் இணையவழி நேரடியாகச் சரிபார்க்கின்றன. காகிதத்தில் என்ன அச்சிட்டிருந்தாலும் பயனில்லை. நைஜீரியாவின் இபாதான் நகரில் செவிலியருக்கான கணினித் தேர்வு நடத்திய ஒரு மையத்தில், விடைகள் நம்ப முடியாத வேகத்தில் அளிக்கப்பட்டிருந்ததை 2023இல் பிரிட்டன் செவிலியர் மன்றம் கண்டுபிடித்தது. அங்கே தேர்வு எழுதிய நூற்றுக்கணக்கானோர், ஏற்கெனவே பணியில் இருந்தவர்கள் உட்பட, விசாரணைக்கும் மறுதேர்வுக்கும் உள்ளானார்கள். அவர்களுள் நேர்மையாக எழுதியவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களுக்கும் அதே கதிதான்.

பிறகு, எங்கள் மூதாட்டியைப் பற்றிக் கேட்டேன். மாடி வீட்டில் தனியே இருக்கும் அந்த அம்மாவுக்கு, ஒவ்வாமையைக் குறிப்பிட்டிருக்கும் கடிதத்தைப் படிக்க முடியாத ஒருத்தி ஊசியோடு வந்து நின்றால்? அது நம் நன்னியாக இருந்தால்? அவள் வெகுநேரம் பேசவில்லை. மஃரிபு பாங்கு சொன்னது. தொழுதுவிட்டு, முகவரின் எண்ணை எனக்குத் தெரியும்படியாகவே தடை செய்துவிட்டு, அன்றைய கடிதத்தை எழுத அமர்ந்தாள். கடன் அப்படியேதான் இருக்கிறது. அவளுடைய தேர்வுக் கட்டணத்தை எங்கள் ஜமாஅத்தில் சிலர் சேர்ந்து வட்டியில்லாக் கடனாகக் கொடுக்க முடியுமா என்று பேசி வருகிறோம். இத்தகைய தேர்வுகளுக்கென்று ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு சிறு நிதி இருந்தால் முகவர்களுக்கு வேலை இராது என்பது என் கருத்து. கல்யாண மண்டபத்துக்கு நாம் செலவிடுவதை வைத்துப் பார்த்தால் இது ஒரு தொகையே அன்று.

இவள் தனியே அவ்வளவு தூரம் போகலாமா என்று என்னிடம் கேட்பவர்களும் உண்டு. அது அவளும் அவளுடைய கணவரும் ஆலிம்களைக் கேட்டு முடிவெடுக்க வேண்டிய விஷயம். குடும்பத்தோடு செல்லும் எண்ணத்தில்தான் இருக்கிறார்கள். என் கூடத்தில் அந்த வழக்கை நான் எடுப்பதில்லை. நேரம் இருப்பதே ஒன்றரை மணி.

இரண்டு செவிலியருக்கும் தேர்வு அடுத்த மாதம். ஃபஜ்ருக்குப் பிறகு வீடு உறங்கும் வேளையில் மூத்தவள் நாளுக்கு ஒரு முதற்பகுதியைக் கடிகாரம் வைத்துச் செய்கிறாள். நேற்று 20க்கு 17. மாலையில் கடிதம். நேற்றைய கடிதம் 194 சொற்கள். எதற்காக எழுதுகிறாள் என்பது முதல் வாக்கியத்தில் இருந்தது. பெனிசிலின் இரண்டாம் பத்தியில். தனியே வாழ்கிறார், மின்தூக்கி இல்லை, ஊசிக்கு ஆள் வர வேண்டும் என்பன அடுத்தடுத்து. தமிழில் இல்லாத அந்த 'தி' மட்டும் இன்னும் நான்கு இடங்களில் விடுபட்டிருக்கிறது. சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுத்திருக்கிறேன்.